இரண்டாவது பொத்தான்

மந்திரிக்குச் சட்டை தைக்கிற கடை என்றதும் கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் இருக்கும் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். மீன் சந்தைக்குப் பின்புறம், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெரு. அதில் ஒரு வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கால்மிதி மெஷின், ஒரு வெட்டு மேசை, எதிர்ப்பக்கம் ஒரு இஸ்திரி மேசை. மெஷினில் அக்கா, இஸ்திரி மேசையில் அவள் புருஷன். முப்பத்தைந்து வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வேலை செய்கிறார்கள். “அந்த மூஞ்சியில இனிமே பாக்க ஒண்ணும் பாக்கி இல்லை” என்று இருவருமே தனித்தனியாக என்னைப் போன்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்பார்கள். எல்லாம் தம்பியால் வந்தது. மேடை ஏறினால் அவனுக்கு முதல் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். “இந்தச் சட்டை எங்க அக்கா தைச்சது. கடையில வாங்கின சட்டையை இந்த உடம்பு இதுவரைக்கும் போட்டதில்லை.” கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். மூன்று தேர்தலை அந்த ஒற்றை வாக்கியத்திலேயே ஜெயித்துவிட்டான் என்பார் புருஷன். “அப்படிப் பாத்தா பாதி ஓட்டு எனக்கு விழுந்தது. இஸ்திரி போட்டவன் நான்தானே?”

தம்பி சொன்னதில் பொய் கிடையாது. அம்மா போகும்போது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாறு. அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. அக்கா ஒரு தையல்காரியிடம் தரை கூட்டப் போய், துணித்துண்டு பொறுக்கி, பிறகு பொத்தான் தைத்து, பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். தம்பியின் முதல் பள்ளிச் சட்டை மிச்சத் துணிகளைச் சேர்த்துத் தைத்தது. முதுகில் மட்டும் மூன்று விதமான வெள்ளை.

அந்தச் சட்டையில்தான் சங்கதி ஆரம்பித்தது. பயலுக்கு ஒரு கெட்ட பழக்கம். பயந்தாலும் சரி, பொய் சொன்னாலும் சரி, வலது கை நேராக நெஞ்சுக்குப் போய் மேலிருந்து இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் திருகும். வாரத்துக்கு ஒரு பொத்தான் காலி. அக்காவும் அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் வீம்பு பிடித்து உட்கார்ந்துவிட்டாள். நூலை இரட்டையாக்கி மெழுகுவர்த்தித் துண்டில் இழுத்துக்கொண்டாள். துணிக்கு உள்பக்கம் ஒரு குட்டிப் பொத்தானை வைத்து, மேல்பொத்தானையும் அதையும் சேர்த்துத் தைத்தாள். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் கழுத்து மாதிரி நிற்கிற நூலில் ஏழு சுற்றுச் சுற்றி, முடிச்சைக் குட்டிப் பொத்தானுக்கு அடியில் ஒளித்தாள். “இப்ப இழுடா பாக்கலாம். துணி கிழிஞ்சாலும் கிழியும், பட்டன் வராது” என்றாள். அவன் ஒரு வாரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போனான்.

அன்றிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக அவன் சட்டைகளில் இரண்டாவது பொத்தானுக்கு மட்டும் அதே தையல். வேறு யாருக்கும் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் ஒற்றை நூல், மூன்று சுற்று. யாராவது கேட்டால், “அந்தப் பட்டன் ஒண்ணுக்குக் கால் மணி நேரம் ஆகும். ஊருக்கே போட்டா நான் எப்பச் சோறு தின்றது?” என்பாள்.

மாதம் ஒருமுறை சட்டைகளை வாங்கிப் போக மந்திரி ஆபீஸில் டைப் அடிக்கிற பையன் வருவான். பையன் என்பது அக்கா வாய்க்கு வந்தது. இருபத்தாறு வயது ஆள். மற்றவர்கள் வந்தால் இஸ்திரி போட்ட சட்டையைச் சாக்கு மாதிரி அமுக்கிக்கொண்டு போவார்கள். அவன் ஹேங்கரோடு உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவான். மழை வந்தால் தன் மழைக்கோட்டைக் கழற்றிச் சட்டைகளுக்குப் போர்த்திவிட்டுத் தான் தொப்பலாக நனைந்து போவான். அதற்காகவே புருஷனுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். “இஸ்திரியோட அருமை தெரிஞ்சவன் உங்க அரசாங்கத்துலயே இவன் ஒருத்தன்தான்” என்பார்.

கடைசியாக வந்தபோது ஒரு நீலக் கோடு போட்ட சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். அவனுடையது. காலர் மடிப்பில் நைந்து பஞ்சு தெரிந்தது.

“திருப்பித் தைச்சுத் தர முடியுமாக்கா? அம்மா பாத்தா புதுசு எடுன்னு பிடுங்குவாங்க. இது எனக்கு ராசியான சட்டை.”

“ராசியான சட்டையா? காலரைப் பாத்தா அப்படித் தெரியலையே.”

“அடுத்த மாசம் ஒரு முக்கியமான இடத்துக்குப் போகணும்கா. இதைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்.”

பொண்ணு பார்க்கப் போகிறான் என்று அக்கா எண்ணிக்கொண்டாள். அன்று மாலையே காலரைப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி புரட்டித் தைத்து, ஆணியில் மாட்டினாள். அவன் வாங்க வரவில்லை.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. திறந்து மூன்றே மாதமான ஒரு பாலம் வெள்ளத்தில் இடிந்து ஒன்பது பேர் செத்துப்போயிருந்தார்கள். பாலம் தம்பியின் இலாகா. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இரண்டாம் வாரம் டைப் அடிக்கிற பையன் நீர்த்தேக்கத்தில் மிதந்தான்.

தம்பி டிவியில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவன் என் பிள்ளை மாதிரி. நான் அவனைப் பாத்தே ஒரு வாரம் ஆச்சு. ஏதோ மனக்கஷ்டத்துல இருந்தான்னு சொல்றாங்க.” சொல்லும்போது வலது கை இரண்டாவது பொத்தானுக்குப் போயிற்று. அக்கா பார்த்தாள். பயந்துபோயிருக்கான் பாவம் என்று நினைத்தாள். அந்தக் கை அங்கே போவதற்கு இரண்டு காரணம் உண்டென்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். மனசுக்குச் சுகமான காரணத்தை எடுத்துக்கொண்டாள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். மழை கூரைத் தகரத்தில் கொட்டுகிறது. ஒழுகுகிற இடத்தில் வைத்த வாளியை மாற்றிவிட்டு அக்கா மெஷினில் உட்கார்ந்தபோது ஒரு பெண் குடையை மடக்கியபடி உள்ளே வந்தாள். சாதாரண உடுப்பு, போலீஸ் பூட்ஸ். தான் இன்ஸ்பெக்டர் என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

“ஒரு விசாரணைக்காகத் தையல் விஷயம் தெரிஞ்சுக்கணும்மா. ரெண்டு டெய்லர்கிட்டக் கேட்டுட்டேன். நீங்க ரொம்ப வருஷம் அனுபவம் உள்ளவங்கன்னு சொன்னாங்க.”

“உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?”

“வேண்டாம்மா. இதைப் பாத்துச் சொல்லுங்க.” சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றை வெட்டு மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு பொத்தான், அதோடு கட்டைவிரல் நகம் அளவு கிழிந்த துணி. “இது மெஷின்ல போட்டதுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. கம்பெனிச் சட்டையாம். ஆயிரக்கணக்குல வருமாம்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது.

“மெஷின்லயா? எவன் சொன்னான் அப்படி? அவனையெல்லாம் டெய்லர்னு யார் சேத்துக்கிட்டாங்க?” மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். “கழுத்தைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு சுத்து. எந்த மெஷின் சுத்தும்? நூலைப் பாருங்க, மெழுகு பிடிச்சிருக்கு, மினுங்குது. அடியில திருப்புங்க.”

எதிர்மேசையில் புருஷன் இருமினார்.

“அடியில குட்டிப் பட்டன் இருக்கா? முடிச்சு எங்கேன்னு சொல்லுங்க பாக்கலாம். தெரியாது. அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. துணி கிழிஞ்சிருக்கு பாருங்க, பட்டன் அசையலை. இதான் கைவேலை!”

புருஷன் மறுபடியும் இருமினார். இஸ்திரிப் பெட்டியை வேண்டுமென்றே டொக்கென்று வைத்தார். “ஏம்மா, கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாயேன்” என்றார். கையெட்டும் தூரத்தில் கூஜா இருந்தது.

“நீங்களே எடுத்துக்குங்க, பேசிக்கிட்டு இருக்கேன்ல!” என்றாள் அக்கா. இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். “எந்தக் கொம்பன்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க. இது என் கை. இந்த ஊருலயே இப்படிப் போடறவ நான் ஒருத்திதான். அதுவும் எல்லாருக்கும் போட மாட்டேன், என் தம்பிக்கு மட்டும்…”

வாய் அங்கேயே நின்றது. வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

“இது எங்க கிடைச்சது?” என்றாள்.

இன்ஸ்பெக்டர் உறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நல்ல மாதிரிப் பெண்தான் போலிருக்கிறது, தரையைப் பார்த்துக்கொண்டாள். “டைப்பிஸ்ட் கையிலம்மா. மூடின கைக்குள்ள இருந்தது. டாக்டர் பிரிச்சு எடுத்தாரு.”

அக்கா ஆணியில் தொங்கும் நீலக் கோட்டுச் சட்டையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். சொன்னதைச் சொன்னபடி எழுதி இன்ஸ்பெக்டர் நீட்டினாள். எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு புருஷன், “நான் அந்த இருமு இருமினேனே” என்றார்.

“சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்.”

“யாராவது மெஷின்னு சொன்னா உனக்குப் பொறுக்காதே. அந்தப் பொம்பளைக்கு அது தெரிஞ்சிருக்கு.”

அன்றைக்குச் சோறு வடித்தபடியே ஆறிக் கிடந்தது.

மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தது. தம்பி ராஜினாமா செய்தான். கட்சியில் இருந்தவர்கள் அவனை எப்போதோ சந்தித்ததாக ஞாபகம் இருக்கிற மாதிரிப் பேசினார்கள். சந்தையின் வாசலில் இருந்த அவன் படத்தை இறக்கி அந்தச் சட்டத்திலேயே வேறு ஒருவர் படத்தை மாட்டினார்கள், சட்டம் நல்ல தேக்கு. தைக்கக் கொடுத்திருந்தவர்களில் பாதிப் பேர் பாதி தைத்ததைத் தைத்தபடியே வாங்கிப் போனார்கள். ஒருவரும் கோபமாகப் பேசவில்லை. மீன்காரி மட்டும் வழக்கம்போல வாசலில் கூடையை இறக்கிவிட்டு, “அக்கா, என் ரவிக்கைக்குக் கை இறக்கம் கொஞ்சம் கூட்டிவை” என்றாள். அதற்கு அக்கா அழுதுவிட்டாள்.

தம்பியின் வக்கீல் ஒருநாள் வந்தார். ஈரக் குடையை நீட்டிப் பிடித்தபடி நின்றே பேசினார். “கார் நீர்த்தேக்கத்துப் பக்கம் போனதுக்கு நான் பதில் வச்சிருக்கேன். அந்தப் பையனுக்குப் போன் பண்ணினதுக்கும் வச்சிருக்கேன். சட்டை கிடைக்கலை, இனிமே கிடைக்கவும் கிடைக்காது. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா. பத்து இருபது பேருக்கு இந்த மாதிரி பட்டன் போட்டுக் குடுத்திருக்கேன்னு ஒரு வார்த்தை கோர்ட்ல சொல்லுங்க. பயந்துபோய் போலீஸ்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. அவர் வெளியே வந்துடுவாரு.”

“போட்டதில்லையே” என்றாள் அக்கா.

“போட்டதில்லைன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் வக்கீல்.

சரணடையப் போகிற அன்று விடிந்ததும் தம்பியே வந்தான். காரில்லை, கூட்டமில்லை. சந்தைக்கு மீன் இறக்குகிறவர்களின் சத்தத்துக்கு நடுவே பின்கட்டுக் கதவைத் தட்டினான். அக்கா திறந்தவள் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். தோள் தையல் இரண்டு விரற்கடை கீழே தொங்கியது. கழுத்து இறுக்கம். கடைச் சட்டை.

“வக்கீல் உன்னோடதைப் போட வேணாம்னுட்டாரு” என்றான்.

“உள்ள வாடா. சாப்பிட்டியா?”

இராத்திரிச் சோற்றைச் சூடாக்கி, முட்டை பொரித்து வைத்தாள். அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பையனாக இருந்தபோது உட்காருகிற அதே மரப்பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினான். புருஷன் முன்னறைக்குப் போய்ச் சூடேறாத இஸ்திரிப் பெட்டியைத் துணியில் தேய்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் பதவியில் இருந்தவரை நாக்கைச் சுழற்றிக் கேலி பேசியவர் அவர். அன்றைக்கு அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வக்கீல் சொன்னாராக்கா?”

“சொன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“கையைக் கழுவிட்டு வா.”

கழுவிவிட்டு வந்து நின்றான். “நான் அவனைப் பாக்கவே இல்லைக்கா. யாரோ என் சட்டையை…” என்று ஆரம்பித்தபோதே வலது கை நெஞ்சுக்குப் போயிற்று. ஒரே திருகு. கடைப் பொத்தான், பழுத்த இலை மாதிரி கையோடு வந்துவிட்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அக்கா உடுப்பின் மேல் எப்போதும் ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள், ஊசி குத்திவைக்க. நெஞ்சில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். நூலைக் கோத்தாள். கை தன்னால் இரட்டையாக்கியது.

“கோர்ட்டுக்கு இப்படியா போவ? அசையாம நில்லு.”

உடம்பில் இருந்தபடியே தைக்க ஆரம்பித்தாள். அவன் நெஞ்சு அவள் கண்ணுக்கு நேராக ஏறி இறங்கியது. ஊசி அங்கே இருக்கும்போது அவனால் நகரவும் முடியாது, திரும்பவும் முடியாது. இரண்டு கையும் தொடையை ஒட்டித் தொங்கின.

“இப்பச் சொல்லு” என்றாள்.

ஊசி இரண்டு முறை துணியில் போய் வந்த பிறகு சொன்னான்.

“பாலம் சரியில்லைன்னு இன்ஜினியர் எழுதியிருந்தாரு. தேர்தல் பக்கத்துல வந்துடுச்சு. திறக்கலாம்னு நான் என் கையால எழுதினேன். அந்தக் காகிதத்தை இவன் எடுத்து வச்சிருந்தான். கமிஷன்ல குடுக்கப் போறேன்னான். பேசிப் பாக்கலாம்னு கூட்டிட்டுப் போனேன். சத்தியமா பேசத்தான். மதகு மேல நின்னு பேசினோம். மழை. குடுடான்னேன். ஒன்பது பேர் சார், ஒன்பது பேர் சார்னு அதையே சொன்னான். கோவத்துல ஒண்ணு விட்டேன். வழுக்கிட்டான்.”

அக்கா நூலை இழுத்தாள்.

“விழும்போது என் சட்டையைப் பிடிச்சுட்டான்கா. இந்த இடத்துல. ஒரு கையாலயே தொங்கினான். என்னையும் குனிய வச்சு இழுத்துடுச்சு. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“அவன் உன்னைப் பிடிச்சான். நீ அவனைப் பிடிச்சியா?”

“பயமா இருந்துச்சுக்கா.”

“பிடிச்சியா?”

“விரலைப் பிரிச்சேன்” என்றான். “ஒவ்வொண்ணா.”

முன்னறையில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது.

“சார்னு கூப்பிட்டான். அதுக்குள்ள துணி கிழிஞ்சுடுச்சு.”

அவன் கைகள் தொடையை விட்டு அசையவே இல்லை. அவன் உண்மை பேசுகிறான் என்று அக்காவுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் அந்தப் பொத்தானை நினைத்தாள். சாதாரணமாகத் தைத்திருந்தால் நூல் பட்டென்று அறுந்திருக்கும். தண்ணீரில் விழுந்த பொத்தானை யார் தேடப் போகிறார்கள்? தம்பி மந்திரியாகவே இருந்திருப்பான். நாலு வயதுப் பிள்ளைக்காக ஏழு சுற்றுச் சுற்றிய தையல், எவள் பெற்ற பிள்ளையையோ ஒரு நிமிஷம் விடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு கை இருந்தும், பிடித்தது பொத்தான் ஒன்றுதான். அவளுக்கு அழுகை வந்தது. ஊசி கோணிப்போகுமே என்று அடக்கிக்கொண்டாள்.

ஊசியை நிறுத்தினாள். தைத்த இரட்டை நூலைக் கத்தரித்து உருவினாள். ஒற்றை நூலைக் கோத்து மறுபடி தைத்தாள். கழுத்தில் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முடிச்சுப் போட்டு, அவன் நெஞ்சில் முகம் பட, பல்லால் நூலைக் கடித்தாள்.

தம்பி குனிந்து பார்த்தான். நாற்பது வருஷமாகப் பார்த்தவன் ஆயிற்றே.

“ஏழு சுத்தலையேக்கா.”

“இது போதும்” என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் காலைத் தொட வருகிறவன் போலக் குனிந்தான், பிறகு தரையில் கிடந்த நூல்துண்டை எடுத்து மேசையில் வைத்தான். “எனக்கு வேற யாருமில்லைக்கா” என்றான்.

“எனக்கு மட்டும் யார் இருக்கா?” என்றாள் அக்கா.

கதவு வரை போனவன் திரும்பவில்லை. மீன்கூடைகளுக்கு நடுவே, தோள் தொங்குகிற சட்டையோடு நடந்து போனான். பின்னாலிருந்து பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. புருஷன் வந்து அவள் பக்கத்தில் நின்றார். “உன் தம்பி. நீ என்ன சொன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்றார். அப்புறம், “அந்தப் பையன் மழைக்கோட்டைக் கழட்டி என் இஸ்திரிக்குப் போத்தினவன்” என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

வழக்கு ஏழு மாதம் கழித்து வந்தது. அதற்குள் மழை போய் வெயிலும் வந்துவிட்டது. கோர்ட் அறையில் எள் விழ இடமில்லை. ஜன்னல் ஓரத்து மின்விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் சுற்றியது. அக்கா வழக்கமான பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த ஊசிகளை வாசலில் போலீஸ்காரர் எடுத்து வைத்துக்கொண்டார்.

பொத்தானைக் காட்டினார்கள்.

“இது யார் தைச்சது?”

“நான் தைச்சது.”

“எப்படிச் சொல்றீங்க?”

சொன்னாள். இரட்டை நூல், மெழுகு, குட்டிப் பொத்தான், ஏழு சுற்று, ஒளித்த முடிச்சு. எல்லாவற்றையும் ஒரு பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். முன்பு சொல்லும்போது இருந்த மினுக்கு குரலில் இல்லை.

தம்பியின் வக்கீல் எழுந்தார். “இந்த மாதிரித் தையல் வேற எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்கம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வயசாச்சு, ஞாபகம் தப்பும். பத்து? இருபது?”

அக்கா யோசிக்கவில்லை. எதிர்க்கூண்டில் தம்பி நின்றான். ஏழு மாதத்தில் இளைத்துவிட்டான். அளவெடுத்தால் மார்பில் மூன்று அங்குலம் குறையும் என்று கண் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அவன் கை பொத்தானுக்குப் போகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒருத்தருக்குத்தான்” என்றாள். “நாலு வயசுலேர்ந்து.”

“யாருக்கு?”

“அவனுக்கு” என்று கையைக் காட்டினாள். காட்டிய கையைக் கீழே இறக்க அவளுக்குத் தெரியவில்லை. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள்.

வெளியே நீண்ட நடையில் பெஞ்சு ஓரமாக டைப் அடிக்கிற பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் நெற்றியும் காதும் அப்படியே பையனுடையவை. புருஷன், “வேணாம், வா போயிடலாம்” என்றார். அக்கா போய் எதிரே நின்றாள். பொட்டலத்தைப் பிரித்து நீலக் கோட்டுச் சட்டையை நீட்டினாள்.

“காலர் திருப்பக் குடுத்திருந்தான். வாங்க வரலை.”

அந்த அம்மா சட்டையைப் பார்த்தாள். காலரைத் தடவினாள். “நைஞ்சு போச்சு, புதுசு எடுடான்னு நான் கத்திக்கிட்டே இருந்தேன்” என்றாள். “நல்லாத் தைச்சிருக்கீங்க. தெரியவே இல்லை.” அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். யாரென்று புரிந்தது. சட்டை மடியில் விழுந்தது. எட்டி அக்காவின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு உலுக்கினாள். திட்டினாளா, அழுதாளா, மகனைக் கூப்பிட்டாளா என்று யாருக்கும் விளங்கவில்லை. வாயிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. நைந்த துணி, தோள் தையலில் டர்ரென்று பிரிய ஆரம்பித்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார். “விடும்மா, விடு” என்று அந்த அம்மாவின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்.

“கையை எடுங்க!” என்று அக்கா போட்ட சத்தத்தில் நடையே அடங்கிவிட்டது. போலீஸ்காரர் விலகிக்கொண்டார்.

அக்கா பெஞ்சில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

“அவங்க விரலை யாரும் பிரிக்க வேணாம்” என்றாள். “பிடிச்சுக்கட்டும். துணிதானே, கிழிஞ்சா நான் தைச்சுக்குவேன்.”